பழைய எடிட்டிங் மென்பொருளில் வீடியோ ஃபைல் திறக்கவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

‘வி.எல்.சி.யில் அருமையாக ஓடுகிறது, எடிட்டிங்கில் மட்டும் வரமாட்டேன் என்கிறது.’ பழைய எடிட்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், வி.எல்.சி.யில் ஓடினால் ஃபைல் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. வி.எல்.சி. ப்ளேயர் தனக்கு வேண்டிய டிகோடர்களை, அதாவது சுருக்கிய வீடியோவைப் பிரித்துப் படிக்கும் நிரல்களை, தன்னுடனேயே வைத்திருக்கிறது. எடிட்டிங் மென்பொருளிடம் இருப்பதோ அது வெளியான காலத்து டிகோடர்கள் மட்டும். ப்ரீமியர் ப்ரோ சி.எஸ்.6 வந்தது 2012-இல். வீடியோவைச் சுருக்கும் முறையான எச்.265 தரம் அறிவிக்கப்பட்டது 2013-இல். இந்த இடைவெளியை எத்தனை முறை ரீஇன்ஸ்டால் செய்தாலும் நிரப்ப முடியாது.

அதனால் என் முறை எப்போதும் ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் கைவைப்பதற்கு முன் ஃபைலைப் பார்ப்பது, மாற்ற வேண்டியிருந்தால் ஃபைலை மாற்றுவது. கோடெக் பேக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்களின் தொகுப்பு) ஒன்றை இறக்கி நிறுவுவது எளிதான வழி போலத் தோன்றும். ஆனால் அது ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த நான்கு புராஜெக்டுகளைக் கெடுத்துவிடக்கூடும். எது எதைக் கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிப்பதும் கடினம்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

மூல ஃபைலைத் தொடாதீர்கள். நகல் எடுத்து நகலில் மட்டும் வேலை பாருங்கள். மெமரி கார்டில் இருந்து நேராக இம்போர்ட் செய்திருந்தால் அதை நிறுத்திவிட்டு, முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, பிரச்சினை தரும் ஃபைலை அதில் இழுத்துப் போடுங்கள். வியூ மெனுவில் ‘ட்ரீ’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமான அறிக்கை வரும். எல்லாம் தேவையில்லை. வீடியோ பகுதியில் ஃபார்மட், ப்ரொஃபைல், அகலம், உயரம், ஃபிரேம் ரேட் மோட், ஃபிரேம் ரேட், பிட் டெப்த், குரோமா சப்சாம்ப்ளிங், ஸ்கேன் டைப், ரொட்டேஷன். ஆடியோ பகுதியில் ஃபார்மட், சாம்ப்ளிங் ரேட், சானல் எண்ணிக்கை. இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாப் பகுதிகளிலும் இந்தத் தாள் வேண்டும்.

மூன்றாவது, முன்பு இதே மென்பொருளில் பிரச்சினையில்லாமல் ஓடிய பழைய க்ளிப் ஒன்றை இம்போர்ட் செய்து பாருங்கள். அது ஓடினால் சிக்கல் புது ஃபைலில். அதுவும் ஓடவில்லையென்றால் ஃபைலை விட்டுவிட்டு, கீழே ‘நேற்று வரை ஓடியது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: இம்போர்ட்டே ஆகவில்லை, ‘ஆதரிக்கப்படாத ஃபார்மட்’ என்று வருகிறது

ஃபைல் வி.எல்.சி.யிலும் ஓடவில்லையா? அப்படியானால் கடைசிப் பகுதிக்குப் போங்கள். வி.எல்.சி.யில் ஓடினால் தொடருங்கள்.

### பெயரும் இடமும்

பத்து வினாடியில் முடியும் சோதனை இது, ஆனால் பலரும் தாண்டிவிடுகிறார்கள். ஃபைலைச் சிறிய ஆங்கிலப் பெயரில், எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து மாற்றுங்கள். டிரைவின் மேல்மட்டத்திலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். தமிழ் எழுத்திலோ எமோஜியிலோ பெயர் இருந்தால் சில பழைய மென்பொருள்கள் ஃபைலைக் கண்டுகொள்வதேயில்லை. விண்டோஸில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முழு முகவரி 260 எழுத்தைத் தாண்டினாலும் இதே கதைதான்.

### உறை மட்டும் பிரச்சினையா?

எம்.பி.4, எம்.கே.வி., மூவ், ஏ.வி.ஐ. எல்லாம் உறைகள். உள்ளே இருக்கும் கடிதம்தான் கோடெக். உறையின் மேல் எழுதியதை மாற்றினால் கடிதத்தின் மொழி மாறாது. ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைத் திருத்தி எழுதுவதால் பயனில்லாமல் போவது அதனால்தான்.

மீடியாஇன்ஃபோவில் வீடியோ ஃபார்மட் ‘ஏ.வி.சி.’ என்று இருந்தால் அது எச்.264. பிட் டெப்த் 8, குரோமா 4:2:0 என்றும் இருந்தால் உங்கள் மென்பொருளுக்கு அநேகமாகத் தெரிந்த கோடெக்தான், உறை மட்டும் புரியவில்லை. எம்.கே.வி. ஃபைல்களில் இதுதான் வழக்கம். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் ‘ரீராப்’ என்ற வேலையைத் தேர்ந்தெடுத்து எம்.பி.4 உறைக்கு மாற்றுங்கள். படத்தை மறுபடி சுருக்காமல் உறையை மட்டும் மாற்றுவதால் தரம் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒரு மணிநேர ஃபைலும் நகலெடுக்கும் வேகத்திலேயே முடிந்துவிடும். ஓ.பி.எஸ். மென்பொருளில் பதிவு செய்தது என்றால் தனியாக எதுவும் வேண்டாம். அதன் ஃபைல் மெனுவிலேயே ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ இருக்கிறது.

கேமராவிலிருந்து வரும் மூவ் ஃபைல்களில் ஒலி சுருக்கப்படாத பி.சி.எம். வகையாக இருக்கலாம். எம்.பி.4 உறைக்குள் பி.சி.எம். போனால் பல மென்பொருள்கள் அதை எடுத்துக்கொள்வதில்லை. அப்போது படத்தை அப்படியே விட்டு, ஒலியை மட்டும் ஏ.ஏ.சி.க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் தனி வேவ் ஃபைலாக எடுத்து டைம்லைனில் சேருங்கள்.

### கோடெக்கே புதிது

வீடியோ ஃபார்மட் ‘எச்.இ.வி.சி.’, ‘வி.பி.9’, ‘ஏ.வி.1’ என்று இருந்தால் உறையை மாற்றிப் பயனில்லை. கோடெக்கையே மாற்ற வேண்டும். எச்.இ.வி.சி. என்பது எச்.265-தான். 2017-இல் ஐ.ஓ.எஸ். 11 வந்த பிறகு ஐபோன்கள் இதில் பதிவு செய்வதே இயல்பான அமைப்பாகிவிட்டது. விண்டோஸுக்கு எச்.இ.வி.சி. நீட்டிப்பு ஒன்று உண்டு. அதை நிறுவினால் விண்டோஸின் சொந்தப் ப்ளேயரில் ஓடும். தன் டிகோடரையே நம்பும் பழைய எடிட்டிங் மென்பொருளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எதற்கு மாற்றுவது என்பது வேலையைப் பொறுத்தது. வெட்டி ஒட்டுவது, தலைப்பு சேர்ப்பது மட்டும் என்றால் நல்ல தரத்தில் எச்.264 போதும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, உறை எம்.பி.4, வீடியோ என்கோடர் 8 பிட் எக்ஸ்264, தரத்துக்கான ஆர்.எஃப். எண் 16 முதல் 18 வரை, ஃபிரேம் ரேட் ‘கான்ஸ்டன்ட்’ என்று வையுங்கள். ஆர்.எஃப். எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். ஹேண்ட்பிரேக் தானாக வைக்கும் எண் பார்ப்பதற்குப் போதும். எடிட் செய்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்யப்போகிறீர்கள் என்றால் அது போதாது. 4கே ஃபைலாக இருந்தால் 1080-க்குக் குறைத்துவிடுங்கள், பழைய மென்பொருளுக்கு அது பெரிய உதவி.

நிறத் திருத்தம், க்ரீன் ஸ்க்ரீன், பல அடுக்குகள் என்று போகிறது என்றால் எடிட்டிங்குக்கென்றே உள்ள கோடெக்குக்குப் போவது நல்லது. மேக்கில் ஃபைனல் கட் ப்ரோ 7 வைத்திருப்பவர்களுக்கு ப்ரோரெஸ். விண்டோஸில் டி.என்.எக்ஸ்.எச்.டி. இரண்டையும் ஷட்டர் என்கோடர் செய்யும். ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: இடம். 1080 அளவில், வினாடிக்கு 25 ஃபிரேமில், டி.என்.எக்ஸ்.எச்.டி. 120 என்ற தரத்துக்கு மாற்றினால் ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 54 ஜி.பி. பிடிக்கும். டி.என்.எக்ஸ்.எச்.டி. குறிப்பிட்ட அளவுகளை மட்டுமே ஏற்கும், 4கே அதில் கிடையாது. அதற்கான டி.என்.எக்ஸ்.எச்.ஆர். 2014-இல் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளிடம் அதைக் கொடுத்தால் பழைய சிக்கலுக்கே திரும்பி வருவீர்கள்.

எதற்கு மாற்றினாலும் முழு ஃபைலையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். பத்து வினாடித் துண்டை மட்டும் மாற்றி, இம்போர்ட் செய்து, டைம்லைனில் ஓட்டி, வெட்டி, எக்ஸ்போர்ட் வரை போய்ப் பாருங்கள். அது ஓடினால் மீதியை இரவில் ஓட விட்டுவிடலாம்.

### விண்டோஸில் மூவ் ஃபைல், ‘குயிக்டைம் வேண்டும்’ என்று கேட்கிறது

பழைய வேகஸ், பழைய ப்ரீமியர் இரண்டும் மூவ் ஃபைலைத் திறக்க விண்டோஸுக்கான குயிக்டைமை நம்பியவை. 2016-இல் ஆப்பிள் அதைக் கைவிட்டது. கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமலே நிற்கின்றன, நீக்கிவிடச் சொல்லி அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே அப்போது எச்சரித்தது. இணையத்தில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரில் அதை நிறுவாதீர்கள். உள்ளே எச்.264 இருந்தால் மேலே சொன்ன ரீராப் போதும். பழைய குயிக்டைம் கோடெக் எதுவும் இருந்தால் ஷட்டர் என்கோடரில் மாற்றிக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான பழைய மூவ் ஃபைல்களுடன் ஒரு புராஜெக்டையே திறந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், இணையத்தைத் துண்டித்த தனிக் கம்ப்யூட்டரில் மட்டும் குயிக்டைமை வையுங்கள்.

### ஏ.வி.ஐ. ஃபைல் தலைகீழ்க் கதை

இங்கே மென்பொருளைவிட ஃபைல் பழையது. இன்டியோ, சினிபேக், டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று மீடியாஇன்ஃபோ காட்டும். 32 பிட் மென்பொருளில் ஓடிய கோடெக்கை 64 பிட் மென்பொருள் பார்க்கவே முடியாது. ப்ரீமியர் சி.எஸ்.5 முதல் 64 பிட் மட்டும்தான். சி.எஸ்.4 வரை திறந்த ஃபைல் சி.எஸ்.5-இல் திறக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். கோடெக்கைத் தேடி அலைய வேண்டாம், ஷட்டர் என்கோடரில் மாற்றுங்கள்.

## அறிகுறி: படம் வருகிறது, ஒலி இல்லை

முதலில் டைம்லைனில் ஆடியோ ட்ராக் மியூட்டில் இருக்கிறதா, க்ளிப்பை இழுத்தபோது ஆடியோ ட்ராக்கும் சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். பழைய ப்ரீமியரில் இம்போர்ட் ஆனதும் ஒலியைத் தன் வடிவத்துக்கு மாற்றும் வேலை பின்னணியில் ஓடும். கீழ் மூலையில் அதன் பட்டை தெரியும். அது முடியும் வரை சத்தம் வராது, நீளமான க்ளிப்புக்குச் சில நிமிடங்கள் பொறுங்கள்.

அதன் பிறகும் இல்லையென்றால் தாளைப் பாருங்கள். ஆடியோ ஃபார்மட் ஓப்பஸ், டி.டி.எஸ்., ஏ.சி.-3 என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. ஆறு சானல் ஒலியிலும் இதே அறிகுறி வரலாம். சில வேளை சுற்றுப்புறச் சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் கேட்காது. பேச்சு நடுச் சானலில் தங்கிவிட்டது என்று அர்த்தம். ஒலியை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் ஃபைலாகப் பிரித்தெடுத்துப் படத்தின் கீழே வையுங்கள். படத்தை மாற்றத் தேவையே இல்லை.

ஒலி மட்டும் வந்து படம் இல்லையென்றால் அது வீடியோ கோடெக் விவகாரம். மேலே ‘கோடெக்கே புதிது’ பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி: உதட்டசைவும் பேச்சும் பொருந்தவில்லை

இதில்தான் மக்கள் அதிக நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஒலியை வெட்டி வெட்டி நகர்த்துவார்கள், ஐந்து நிமிடம் தள்ளி மறுபடி விலகும். வெட்டுவதற்கு முன் விலகல் எந்த மாதிரி என்று அளந்துவிடுங்கள். தொடக்கத்தில், நடுவில், கடைசியில் மூன்று இடங்களை எடுங்கள். கைதட்டல், கதவு சாத்துவது, ‘ப’, ‘ம’ என்று உதடு ஒட்டும் எழுத்து எதுவானாலும் சரி. ஒவ்வோர் இடத்திலும் ஒலி எத்தனை ஃபிரேம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எண்ணுங்கள். அதன்பின் அதே மூன்று இடங்களை வி.எல்.சி.யிலும் பாருங்கள். அங்கேயும் விலகினால் பதிவிலேயே கோளாறு.

### மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல்

ஆடியோவைப் படத்திலிருந்து பிரித்து அத்தனை ஃபிரேம் நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

### போகப் போகச் சீராகக் கூடுகிறது

மென்பொருள் ஃபிரேம் ரேட்டைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 29.97 ஃபைலை 30 என்று எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் 0.6 வினாடி, ஒரு மணிநேரத்தில் 3.6 வினாடி விலகும். உங்கள் விலகல் இந்தக் கணக்குக்கு அருகில் இருந்தால் இதுதான் காரணம். ப்ரீமியரில் க்ளிப்பின் மேல் வலது க்ளிக் செய்து, மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் போய், மீடியாஇன்ஃபோ காட்டும் எண்ணை அப்படியே கொடுங்கள். சீக்வென்ஸும் அதே ரேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குரல் கீச்சென்று மாறி, ஒலி சீக்கிரமே முடிந்துவிடுகிறதா? 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 48 என்று வாசித்திருக்கிறது. பத்து நிமிட ஒலி ஏறத்தாழ 9 நிமிடம் 11 வினாடியில் முடிந்துவிடும். ஒலியை 48-க்கு முறையாக மாற்றி மறுபடி இம்போர்ட் செய்யுங்கள்.

தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி மட்டும் நீண்ட பதிவில் சில ஃபிரேம் விலகினால் ஃபைலைக் குறை சொல்ல முடியாது. இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒலியின் நீளத்தை மிகச் சிறிய விழுக்காட்டில் நீட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள்.

### கூடுகிறது, குறைகிறது, கணக்கில் அடங்கவில்லை

ஃபோனில் எடுத்தது, ஸ்க்ரீன் ரெக்கார்டிங், வீடியோ காலின் பதிவு, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தாளில் ஃபிரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’ என்று இருக்கிறதா பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபோன் தானாகவே ஃபிரேமைக் குறைக்கும். ஸ்க்ரீன் ரெக்கார்டர் திரையில் அசைவில்லாதபோது ஃபிரேமைச் சேமிக்காமல் விடும். ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஃபைலுக்குள் எழுதியிருக்கும். வி.எல்.சி. அதைப் படித்து ஓட்டும். பழைய எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃபிரேமுக்கும் ஒரே நீளம் என்று அடுக்கிவிடும்.

‘வேரியபிள்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டாம். அதன் கீழே குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் இருக்கும். 29.970, 30.030 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடைமுறையில் தொந்தரவு தராது. 12, 60 என்று எட்ட எட்ட நின்றால் அதுதான் குற்றவாளி. ஹேண்ட்பிரேக்கின் வீடியோ பகுதியில் ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்பதை மாற்றி, 25 அல்லது 30 என்று உங்கள் சீக்வென்ஸின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ‘கான்ஸ்டன்ட்’ போட்டு மாற்றுங்கள். இதற்கு ரீராப் உதவாது.

ஏற்கெனவே பாதி எடிட் முடித்த பிறகுதான் இது தெரிந்தது என்றால், மாற்றிய ஃபைலைப் பழையதன் இடத்தில் வைத்தால் வெட்டுகள் எல்லாம் நகர்ந்துவிடும். மறுபடி வெட்ட வேண்டியதுதான். அதனால் ஃபோன் க்ளிப் எது வந்தாலும் இம்போர்ட்டுக்கு முன்பே இந்த ஒரு வரியைப் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: டைம்லைன் திக்குகிறது, மென்பொருள் தொங்குகிறது

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு க்ளிப்பை ஓட்டுங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் ஃபைல் இருக்கும் இடம் மெதுவானது. பென் டிரைவ், பழைய யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் ஃபோல்டர் எதுவானாலும் ஃபைலை உள் டிஸ்குக்கு மாற்றுங்கள். சி.பி.யு. 100-ஐத் தொட்டு நின்றால் கோடெக்கைப் பிரித்துப் படிக்கத் திணறுகிறது. முதலில் ப்ளேபேக் தரத்தைப் பாதி, கால் என்று குறையுங்கள். அது போதவில்லையென்றால் ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் சிறிய நகல்.

பழைய மென்பொருளில் ப்ராக்ஸிக்குத் தனிப் பொத்தான் கிடையாது, கையால்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு க்ளிப்புக்கும் சிறிய அளவில் ஒரு நகல், அதே பெயரில் வேறு ஃபோல்டரில். ஃபிரேம் ரேட், ஆடியோ சானல் எண்ணிக்கை, நீளம் மூன்றும் மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். சிறியதை வைத்து எடிட் செய்து, முடிந்ததும் க்ளிப்புகளை ‘மேக் ஆஃப்லைன்’ செய்து மூலத்தோடு இணையுங்கள். மூலக் கோடெக்கை மென்பொருள் திறக்கவே முடியாது என்றால் இந்த வழி வேலைக்கு ஆகாது. அப்போது டி.என்.எக்ஸ்.எச்.டி. அல்லது ப்ரோரெஸுக்கு மாற்றியதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புது எஸ்.எஸ்.டி., கூடுதல் ரேம், புது கிராஃபிக்ஸ் கார்டு என்று செலவு செய்வது இதற்கெல்லாம் பிறகுதான். சி.பி.யு. திணறும் இடத்தில் எஸ்.எஸ்.டி. எந்த மாற்றமும் தராது. புது கார்டில் எச்.265-க்கான டிகோடர் இருக்கலாம். அதைப் பயன்படுத்தத் தெரியாத பழைய மென்பொருளுக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

## அறிகுறி: நிறம் வெளிறிப்போகிறது, பச்சைக் கட்டங்கள் வருகின்றன

பச்சை, இளஞ்சிவப்புக் கட்டங்கள் வரும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு வி.எல்.சி.யில் அதே இடத்துக்குப் போங்கள். அங்கேயும் இருந்தால் ஃபைலே சேதம். மெமரி கார்டில் மூலம் இன்னும் இருந்தால் மறுபடி நகலெடுங்கள். வி.எல்.சி.யில் சுத்தமாக இருந்தால் வரிசையாக இவற்றைச் செய்யுங்கள்: மீடியா கேஷை (மென்பொருள் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்களை) நீக்குங்கள், புராஜெக்ட் செட்டிங்கில் ரெண்டரரை ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ ஆக்குங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரைச் சரிபாருங்கள். டிரைவர் என்றதும் புதியதைத்தான் போட வேண்டும் என்றில்லை. மென்பொருள் பழையது என்பதால் பழைய டிரைவருக்குத் திரும்புவதே சில இடங்களில் தீர்வாகிறது.

படம் முழுக்க வெளிறியோ, வெளிச்சம் தூக்கலாகவோ தெரிந்தால் மீடியாஇன்ஃபோ அறிக்கையில் எச்.டி.ஆர். (வெளிச்ச வீச்சு அதிகமுள்ள பதிவு), எச்.எல்.ஜி., பி.டி.2020 போன்ற பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். ஐபோன் 12 முதல் எச்.டி.ஆரில் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பழைய மென்பொருளுக்குத் தெரிந்தது சாதாரண எச்.டி.யின் நிற அமைப்பான ரெக்.709 மட்டும். 8 பிட்டுக்கு மாற்றினால் மட்டும் நிறம் சரியாகிவிடாது. மாற்றும்போதே ரெக்.709-க்கும் நிறத்தை மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். முகத்தோல் நிறம் முக்கியமான வேலை என்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் கலரிஸ்ட் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எச்.டி.ஆர். மூலத்தை நேரடியாகப் பார்த்து மாற்றும் கருவி அவரிடம் இருக்கும்.

இனி எடுக்கப்போவதற்கு ஐபோனின் அமைப்பில் கேமரா பகுதிக்குப் போய், ஃபார்மட்ஸில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்றும், ரெக்கார்ட் வீடியோவில் எச்.டி.ஆரை அணைத்தும் வையுங்கள். கோடெக், நிறம் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

## அறிகுறி: படம் படுத்திருக்கிறது, நசுங்கியிருக்கிறது, கோடு கோடாக இருக்கிறது

நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஃபோன் வீடியோ படுத்துக் கிடந்தால், தாளில் ரொட்டேஷன் 90 என்று இருக்கும். அந்தக் குறிப்பைப் பழைய மென்பொருள் படிக்கவில்லை. மோஷன் அமைப்பில் 90 பாகை திருப்பி அளவைச் சரிசெய்யுங்கள். நிறைய க்ளிப் இருந்தால் ஹேண்ட்பிரேக்கில் ஒருமுறை மாற்றினாலே நிமிர்ந்துவிடும்.

முகம் ஒல்லியாகத் தெரிந்தால் புள்ளிகளின் விகிதச் சிக்கல். 1440க்கு 1080 என்ற எச்.டி.வி. ஃபைலில் புள்ளி சதுரமாக இருக்காது. இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜில் 1.333 கொடுங்கள்.

அசையும் பொருளின் ஓரத்தில் மட்டும் கிடைக்கோடுகள் தெரிந்தால் ஃபைல் இன்டர்லேஸ்டு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாக இரண்டு ஃபீல்டுகளில் பதிவானது. தாளில் ஸ்கேன் டைப்பில் அப்படியே எழுதியிருக்கும். சீக்வென்ஸின் ஃபீல்ட் வரிசை பொருந்துகிறதா பாருங்கள். டி.வி. (DV, டிஜிட்டல் வீடியோ) கேம்கார்டர் டேப்பிலிருந்து வந்தது கீழ் ஃபீல்ட் முதலில், எச்.டி. பொதுவாக மேல் ஃபீல்ட் முதலில். கோடு மறைந்து அசைவு முன்னும் பின்னும் துடிக்கிறது என்றால் வரிசையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டீர்கள்.

## அறிகுறி: நீண்ட பதிவின் இணைப்பில் ஒலி அறுகிறது

ஏ.வி.சி.எச்.டி. கேம்கார்டரில் எடுத்த எம்.டி.எஸ். ஃபைல்களில் வரும் தனி ரகச் சிக்கல் இது. FAT32 அமைப்பில் உள்ள கார்டு 4 ஜி.பி.க்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது, அதனால் கேமரா பதிவைத் துண்டுகளாக எழுதும். துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்ற விவரம் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கும். எம்.டி.எஸ். ஃபைலை மட்டும் பொறுக்கி எடுத்து வந்தால் அந்த விவரம் போய்விடும், ஒவ்வொரு இணைப்பிலும் சில ஃபிரேம் ஒலி அறும். கார்டின் முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே நகலெடுத்து, மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக இம்போர்ட் செய்யுங்கள். ஃபைனல் கட் ப்ரோ 7-இல் ‘லாக் அண்ட் ட்ரான்ஸ்ஃபர்’.

கார்டை ஏற்கெனவே அழித்துவிட்டு எம்.டி.எஸ். மட்டும் கையில் இருந்தால், கேமராவுடன் வந்த மென்பொருளில் சேர்த்துப் பாருங்கள். வேறு ரெக்கார்டரில் ஒலி இருந்தால் அந்த ஃபிரேம்களை அதிலிருந்து நிரப்பலாம்.

## அறிகுறி: நேற்று வரை ஓடியது, இன்று எந்த க்ளிப்பும் ஓடவில்லை

ஃபைல் மாறவில்லை, கம்ப்யூட்டரில் ஏதோ மாறியிருக்கிறது. முதலில் மீடியா கேஷை நீக்கிவிட்டுத் திறங்கள். சரியாகவில்லையென்றால் ப்ரீமியரைத் திறக்கும்போது ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்து அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் சமீபத்தில் என்ன நிறுவினீர்கள் என்று யோசியுங்கள்: கோடெக் பேக், டிரைவர், சிஸ்டம் அப்டேட். கோடெக் பேக் என்றால் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மேக்கில் சிஸ்டத்தை மேம்படுத்திய மறுநாள் இது நடந்தால் காரணம் வேறு. 2019-இல் வந்த கேடலினா 32 பிட் மென்பொருள்களை ஓட விடாது, அதோடு சினிபேக், சோரன்சன் போன்ற பழைய கோடெக்குகளும் போய்விட்டன. ஃபைனல் கட் ப்ரோ 7 அதற்கும் முன்பே, 2017-இன் ஹை சியராவிலேயே நின்றுவிட்டது. பழைய சிஸ்டத்தைத் தனி டிஸ்கில் போட்டு அதிலிருந்து பூட் செய்வது ஒரு வழி, ஆனால் புது மேக்குகள் பழைய சிஸ்டத்தை ஏற்காது. பழைய புராஜெக்டுகள் வேண்டும் என்றால் அந்தப் பழைய மேக்கை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பதுதான் நம்பகமானது.

## அறிகுறி: எந்த ப்ளேயரிலும் திறக்கவில்லை

ஃபைல் அளவு பூஜ்யமா? நகல் முழுமையாகவில்லை, மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள். அளவு பெரிதாக இருந்தும் மீடியாஇன்ஃபோ வீடியோ பகுதியையே காட்டவில்லையென்றால், பதிவின் நடுவே பேட்டரி தீர்ந்திருக்கலாம், கார்டைப் பிடுங்கியிருக்கலாம். எம்.பி.4, மூவ் ஃபைல்களில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதுகின்றன. அது எழுதப்படாமல் போனால் உள்ளே படம் முழுதாக இருந்தும் எதுவும் திறக்காது.

கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டுப் பாருங்கள். சில கேமராக்கள் ‘சரிசெய்யவா?’ என்று கேட்டுத் தாமே முடித்துவிடும். கேட்காவிட்டால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். மாதிரியில் அளவோ ஃபிரேம் ரேட்டோ வேறாக இருந்தால் குப்பைதான் வரும்.

அதிலும் வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். கார்டு கம்ப்யூட்டரில் தெரியாமல் போவது, ஃபார்மட் செய்யச் சொல்வது, டிஸ்கில் டக் டக் என்று சத்தம் வருவது, இவற்றில் எது நடந்தாலும் அதற்கு முன்பே நிறுத்துங்கள். டேட்டா ரெகவரி செய்பவரிடம் போகும்போது அந்தக் கார்டு, அதே கேமராவில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று, கேமராவின் மாடல், எந்த அமைப்பில் பதிவு செய்தீர்கள் என்ற விவரம், இதுவரை எந்தெந்தக் கருவியை ஓட்டினீர்கள் என்ற பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். இடையில் அந்தக் கார்டில் ஒரு புகைப்படம்கூட எடுக்காதீர்கள். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழைய வீடியோ இருக்கும் இடத்தின் மேலேயே விழக்கூடும், அப்படிப் போன ஃபிரேமை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.